கரைக் கரண்டு

அக்கா, அக்கா, ஒரு நிமிஷம். அந்த வயரை இன்னும் சொருகாதீங்க. அண்ணனையும் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. முதல்ல வண்டிக்குள்ளே போய் ஏ.சி.யை அணைச்சுட்டு வரணும். ஃபிரிட்ஜ் இருக்கட்டும், அது பாவம். கெட்டில், கரண்டு அடுப்பு, தலை காய வைக்கிற மிஷின், எது இருந்தாலும் அணைச்சிடுங்க. அப்புறம் சொருகலாம். அதோ அந்தச் சாய்ஞ்ச தென்னைக்குப் பக்கத்துல வெள்ளைப் பெட்டி தெரியுது பாருங்க, அதுதான் உங்களுக்கு. வீட்டுச் சுவத்துல இருக்கிற பிளக்கைத் தொடவே வேண்டாம்.

அந்தப் பெட்டிக்குள்ளே ட்ரிப்பர்னு ஒண்ணு மாட்டி வச்சிருக்காங்க. எதுக்கெடுத்தாலும் டப்புன்னு விழுந்து கரண்டை நிறுத்திடும். ஏ.சி.யும் அடுப்பும் சேர்த்துப் போட்டா விழும். கெட்டிலைச் சேர்த்தா விழும். அவ்வளவு பயந்தாங்கொள்ளி. முன்னே எங்க வீட்டு ஃபியூஸ் இருந்துச்சே, நாலு வருஷமா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போனதில்லை. எல்லாம் ஒரு மனுஷனால கெட்டது. உட்காருங்க, சொல்றேன். இளநீர் வெட்டச் சொல்லியிருக்கேன், அது வர்றதுக்குள்ளே முடிச்சிடுவேன். முடிக்க மாட்டேன், இருந்தாலும் ஆரம்பிக்கறேன்.

தப்பா நினைக்காதீங்க, உங்களைச் சொல்லலை. ஆனா இந்த வண்டிக்காரங்களை நினைச்சா எனக்குச் சிரிப்புத்தான் வரும். வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் வெளியே இருக்கணும்னு கிளம்பறது. கிளம்பும்போது கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாத்தையும் கூடவே தூக்கிக்கிட்டுக் கிளம்பறது. அதுக்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே! ஆனைமலை தாண்டி மலைக்குப் போற வழியிலே நம்ம தோப்பு ரோட்டோரமா இருக்குதா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இப்படி ஒரு வண்டி மழைக்கு ஒதுங்குச்சு. ராத்திரி தங்கி, காலையிலே சந்தோஷமா ஏதோ கையிலே வச்சுட்டுப் போனாங்க. அவ்வளவுதான், எங்க வீட்டுக்காரருக்கு யோசனை வந்துடுச்சு. ஆறு மரத்துக்கு நடுவிலே மண்ணைச் சமம் பண்ணினாரு. ஒரு குழாய், ஒரு பிளக், ரோட்டுமேல ஒரு போர்டு.

"ஏனுங்க, வீட்டோட வர்றவங்களுக்கு நாம என்னத்தைக் குடுக்கிறது?"ன்னு கேட்டேன்.

"கரண்டு குடுப்போம் புள்ள"ன்னாரு.

அந்தக் கரண்டு வாங்கத்தான் போன சித்திரையிலே வந்து சேர்ந்தாரு மச்சாது சார்.

தூத்துக்குடிக்காரர். துறைமுகத்துல முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பொண்ணுக்குப் பிரசவம்னு வீட்டம்மா துபாய்க்குப் போயிட்டாங்களாம். இவரு ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே மர வேலை, வயர் வேலை எல்லாம் தன் கையாலேயே செஞ்சு, தனியா ஊர் சுத்தறாரு. ஒல்லியான ஆளு. சட்டைப் பையிலே டெஸ்டர். ஆமாங்க அக்கா, மத்தவங்க பேனா குத்துற இடத்துல இவருக்கு டெஸ்டர். அதிலேயே ஆளு எப்படின்னு தெரிஞ்சுக்கலாம்.

எல்லாரும் வந்து இறங்கினதும் தண்ணி எங்கே, கடை எவ்வளவு தூரம்னு கேப்பாங்க. இவரு கேட்டது என்ன தெரியுமா?

"ஏம்மா, கரைக் கரண்டு எங்கே இருக்கு?"

"என்னது சார்?"

"கரைக் கரண்டும்மா. கப்பல் கடல்ல ஓடுறப்ப அதுக்கு வேண்டிய கரண்டை அதுவே உண்டாக்கிக்கிடும். துறைமுகத்துல வந்து நின்னுட்டா நாங்க கரையிலருந்து வயர் இழுத்துக் குடுப்போம்லா. இந்த வண்டியும் அப்படித்தான். தனியா நிக்கிறப்ப பேட்டரி. வீட்டுப் பக்கம் நின்னா கரை."

நான் சுத்திப் பார்த்தேன். தென்னை மரம், மாட்டுக்கொட்டாய், எருக்குழி. "சார், இங்கே கடலுமில்லை, கரையுமில்லை. பிளக்கு ஒண்ணு இருக்குது. வேணுமா?"ன்னேன்.

சிரிச்சாரு. கோபம் வராது அந்த மனுஷனுக்கு. அதுவே ஒரு எரிச்சல்.

சாயங்காலம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னாலே விரிச்சாரு. பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி சிவப்பு மையிலே கோடு. விளக்கு இவ்வளவு தின்னும், காத்தாடி இவ்வளவு, ஃபிரிட்ஜ் இவ்வளவு. கூரைமேல சோலார் தகடு வெயில்ல இவ்வளவு ஊத்தும், மேகம் வந்தா இவ்வளவுதான். பேட்டரியிலே விளக்கு, சின்னக் காத்தாடி, சின்ன ஃபிரிட்ஜ், போன், இவ்வளவுதான் ஓட்டணுமாம். சூடு பண்றதும் குளிரப் பண்றதும் பேய்த்தீனி தின்னுமாம். ஏ.சி., அடுப்பு, கெட்டில் எல்லாம் கரைக் கரண்டுலதானாம். இதைச் சொல்ல ஒரு மணி நேரம்.

எனக்கு ரெண்டு நிமிஷத்துலயே விளங்கிடுச்சு. "சார், மேல் தொட்டித் தண்ணி மாதிரிதானே? குடிக்க மட்டும் பிடிச்சா ஒரு வாரம் வரும். வாய்க்காலுக்குத் திறந்துவிட்டா அரைமணியிலே காலி. அவ்வளவுதானே?"

"அதேதாம்மா! கரெக்டாப் பிடிச்சுட்டியே!"ன்னு முகமெல்லாம் மலர்ந்துபோச்சு.

பத்தாவது வரைக்கும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல அறிவியல்ல நான்தான் முதல் மார்க்கு. எங்கிட்டே நோட்டைக் காட்டி விளக்கறாரு!

இப்ப என் கோழிக் கதையைச் சொல்லணும். சொன்னாத்தான் மிச்சம் புரியும்.

எழுபது நாட்டுக்கோழி வச்சிருந்தேன் அக்கா. என் சொந்தக் கையால பெருக்கினது. மாசியிலே வெள்ளைக் கழிச்சல் வந்துச்சு. அஞ்சே நாள். தினமும் காலையிலே கூண்டைத் திறக்கவே கை வராது. கடைசியிலே மிஞ்சினது மூணு பெட்டையும் ஒரு சேவலும். எங்க வீட்டுக்காரர் நார் மில்லுக்குப் போறவரு. "கோழியெல்லாம் போதும் புள்ள, நீயும் மில்லுக்கு வா, ஆள் கேக்கறாங்க"ன்னாரு. தேங்காய் நார் மில்லைப் பார்த்திருக்கீங்களா? தூசியிலே எதிரே நிக்கிற ஆள் தெரியாது. எங்க வர்ணிகாவுக்கு அப்ப ரெண்டு வயசு முடியலை. அங்கே தூக்கிட்டும் போக முடியாது, விட்டுட்டுப் போகவும் வீட்டிலே ஆளில்லை. அழுதுக்கிட்டே யார் வீட்டுக் கதவையாவது பிடிச்சுக்கிட்டு நிக்கும் குழந்தை.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முட்டை வச்சுப் பார்க்கறேன். பொரிக்கலைன்னா மறுநாளே மில்லுக்கு வர்றேன்"னு வாயைக் குடுத்துட்டேன்.

மூணு கோழி இட்டது, எங்கம்மா வீட்டிலேயிருந்து வாங்கி வந்தது, எல்லாம் சேர்த்து நாப்பத்திரண்டு முட்டை. கோழி எதுவும் அடைக்கு உட்காரலை. அதனால பொரிக்கிற மிஷின். மிஷின்னா பெரிசா நினைக்காதீங்க, தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு சின்னக் காத்தாடி, சூட்டுக்கம்பி, சூடு காட்டற மீட்டர். இருபத்தொரு நாள் கரண்டு இருக்கணும். பதினெட்டு நாள் நான் முட்டையைப் புரட்டிப் புரட்டி வச்சேன். டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ளே நரம்பு ஓடறது தெரியும். அந்தக் கடைசி மூணு நாள்தான் முக்கியம். சூடு இறங்கினா முடிஞ்சது.

அந்தப் பதினெட்டாம் நாள் மத்தியானம் மச்சாது சார் வந்து நிக்கறாரு.

"ஏம்மா, வெக்கை தாங்கலை. ஒரு மணி நேரம் ஏ.சி. போட்டுக்கிடட்டா? உங்க லைன் தாங்குமா?"

"தாராளமாப் போடுங்க சார்."

"ஃபியூஸ்ல என்ன கம்பி போட்டிருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்கிடுதேன்."

"அதெல்லாம் பார்க்க வேண்டாம் சார். எங்க வீட்டுக் கரண்டு எதையும் தாங்கும்"னேன்.

பெருமைக்குச் சொல்லலை அக்கா, உண்மையைச் சொன்னேன். கல்யாணமாகி வந்த புதுசுல வாரத்துக்கு ரெண்டு தடவை ஃபியூஸ் போகும். சட்னி பாதி அரைபடும், போகும். எங்க வீட்டுக்காரர் தலைமுடி மாதிரி ஒரு கம்பியைக் கட்டுவாரு, மறுபடியும் போகும். நான் பார்த்தேன். மோட்டாருக்குக் காயில் கட்டின மிச்சம் செம்புக்கம்பி கிடந்துச்சு. ஏழு இழையை நல்லா முறுக்கி, நானே ஃபியூஸ் கட்டையிலே போட்டேன். அன்னைக்கு அடங்கினதுதான். இவருக்கே தெரியாது. ஆம்பளைங்களுக்கு எரிஞ்சா போதும், எப்படி எரியுதுன்னு கேக்க மாட்டாங்க.

சார் ஏ.சி.யைப் போட்டாரு. நான் தொட்டிக்கு மோட்டார் போட்டிருந்தேன். கிரைண்டர்ல உளுந்து ஓடிக்கிட்டிருந்துச்சு. மறுநாள் ஒரு கல்யாணம், புடவை தேய்க்க இஸ்திரிப் பெட்டி சூடாகிட்டிருந்துச்சு. இதெல்லாம் எப்பவும் ஓடறதுதான். புதுசா வந்தது அவரு ஏ.சி. ஒண்ணுதான். அப்ப தப்பு யாருதுன்னு நீங்களே சொல்லுங்க.

முதல்ல ரப்பர் தீயற நாத்தம். அப்புறம் வாசல்ல மீட்டர் பெட்டியிலிருந்து புகை. நான் "ஐயோ"ன்னு நிக்கறேன், அவரு வெறுங்காலோட ஓடி வந்து, ஒரு காஞ்ச மட்டையாலே மெயின் சுவிட்சை அடிச்சு இறக்கிட்டாரு. இவ்வளவு பண்ணிட்டு அதை மட்டும் சட்டுன்னு செஞ்சாரு. போஸ்டிலிருந்து வர்ற வயர் கருகித் தொங்குது. மீட்டர் கண்ணாடி கறுத்துப்போச்சு. அப்புறம் அவரு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தாரு.

"யாரும்மா இதைப் போட்டது?"

"நான்தான் சார்!"

என்னையே பார்த்தாரு. கட்டையைப் பார்த்தாரு. மறுபடி என்னைப் பார்த்தாரு. ஒரு வார்த்தை பேசலை. தப்புப் பண்ணின ஆளுக்கு எப்படி வாய் வரும்?

இதைக் கேளுங்க. அந்தச் செம்புக்கம்பியைக் கழட்டித் தன் பைக்குள்ளே போட்டுக்கிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் திருப்பித் தரலை. நல்ல செம்பு.

எங்க வீட்டுக்காரர் மில்லிலிருந்து ஓடி வந்தாரு, லைன்மேன் வந்தாரு. லைன்மேன் ஃபியூஸ் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஃபியூஸ் போகாம எப்படிங்க மீட்டர் வரைக்கும் கருகும்? இதிலே என்ன கம்பி போட்டிருந்தீங்க?"ன்னு எங்க வீட்டுக்காரரைக் கேக்கறாரு. நான் சொல்லலாம்னு வாயைத் திறக்கறேன், மச்சாது சார் குறுக்கே வந்துட்டாரு.

"நம்ம ஏ.சி.தான் தம்பி. லோடு பார்க்காமப் போட்டுட்டேன். தப்பு என்மேலதான்."

பார்த்தீங்களா? நான் சொல்லலை அக்கா. அவரே, அவரு வாயாலேயே ஒத்துக்கிட்டாரு. எங்க வீட்டுக்காரர் முகம் அப்படியே கடுகடுன்னு ஆயிடுச்சு. எனக்கே பாவமாப் போச்சு.

"புது மீட்டர் வர ரெண்டு மூணு நாள் ஆகும்"னு சொல்லிட்டு லைன்மேன் போயிட்டாரு.

ரெண்டு மூணு நாள்! பெட்டிக்குள்ளே சூடு இறங்க ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்துத் தோட்டம் அரை மைல் தூரம். எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. தோப்புக்குத் தண்ணி பாய்ச்சற மோட்டார் ரூம்ல இலவசக் கரண்டு இருக்குதே!

"ஏனுங்க, அதிலேருந்து ஒரே ஒரு வயர்..."

"வாயை மூடு புள்ள. அது பாசனத்துக்குக் குடுத்தது. வேற எதுக்காவது இழுத்தோம்னு தெரிஞ்சா லைனையே வெட்டிடுவாங்க. நாப்பது முட்டைக்காக முன்னூறு மரத்தைக் காயப் போடறதா?"

பழைய சேலையைப் பெட்டிமேல போத்தி, அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். எங்க வீட்டுக்காரர், "விடு, நாளான்னைக்கு மேஸ்திரிகிட்டே சொல்லிடறேன்"னாரு. மேஸ்திரின்னா மில் மேஸ்திரி. நான் அழலை. வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன்.

அப்ப ஜன்னல் வழியா ஒரு வயர் உள்ளே வருது. வெளியே மச்சாது சார்.

"சொருகும்மா."

"எதிலே சார்? எங்க வீட்டிலேதான் கரண்டே இல்லையே!"

"மிஷினை இதிலே சொருகு. இனி நம்ம வண்டிதான் கரை."

அந்த மனுஷனுக்கு எப்பவும் கப்பல் நினைப்புத்தான். சொருகினேன். காத்தாடி சுத்துச்சு, சூட்டு மீட்டர்ல எண் ஏற ஆரம்பிச்சுச்சு. அவரு நோட்டைத் திறந்து மரத்தடியிலே உட்கார்ந்தாரு. கூட்டறாரு, கழிக்கறாரு. அப்புறம் வண்டிக்குள்ளே போய் ஒவ்வொண்ணா அணைச்சாரு. ஏ.சி. பேட்டரியிலே எப்படியும் ஓடாது. காத்தாடியை அணைச்சாரு. விளக்கை அணைச்சாரு. கடைசியிலே ஃபிரிட்ஜையும் அணைச்சாரு. அதிலே அவங்க வீட்டம்மா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி செஞ்சு வச்சுட்டுப் போன மீன் குழம்பு உறைஞ்சு கிடந்துச்சாம், மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுக்கிட்டிருந்தாரு. அதைத் தூக்கி எங்க நாய்க்கு வச்சாரு. நாய்க்கு! சமைச்சவங்க கேட்டா என்ன நினைப்பாங்க? சாமானோட அருமை தெரியாத ஆளு.

மறுநாள் பூரா வெயில். இவ்வளவு பெரிய வண்டி, கூரைமேல தகடு, அடியிலே பேட்டரி, எல்லாத்தையும் வச்சுக்கிட்டு, மனுஷன் தென்னைமரத்தடியிலே பேப்பரால விசிறிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. சட்டை நனைஞ்சு முதுகிலே ஒட்டிக் கிடக்குது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "ஏன் சார், அப்புறம் பேட்டரி எதுக்கு? கண்காட்சிக்கா?"ன்னேன்.

"உன் பிள்ளைகளுக்குத்தாம்மா"ன்னாரு. முட்டையைச் சொல்றாரு.

அந்த ஆளுக்குக் கஞ்சத்தனமும் ஜாஸ்தி. மிஷின் வயர்லயே ஒரு ஓரமா என் போனைச் சார்ஜ் போட்டிருந்தேன். வர்ணிகாவுக்குப் பொம்மைப் படம் பார்க்காட்டி சோறு இறங்காது. வண்டிக்குள்ளே கரண்டு எவ்வளவு போகுது, எவ்வளவு மிச்சம்னு காட்டற ஒரு டப்பா இருக்குது, அதைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டாரு. "ஏம்மா, மிஷின் தவிர வேற ஏதாவது ஓடுதா?"

"ஒண்ணுமில்லையே சார்"னேன். ஒரு போன் என்ன தின்னுடப்போகுது?

அதுவாவது பரவாயில்லை. இருபதாம் நாள் காலையிலே, வெயில்ல கிடக்கறாரே, நல்லதா ஒரு தேங்காய்ச் சட்னி அரைச்சுக் குடுப்போம்னு அவருக்காக, அக்கா, அவருக்காகத்தான், மிக்சியை அந்த வயர்ல சொருகினேன். ஒரு சுத்துதான் சுத்துச்சு. வண்டி கீ கீன்னு அலறுது! மிஷினும் நின்னுபோச்சு. மனுஷன் பாதி முகத்துச் சோப்பு நுரையோட, ரேசரைக் கையிலே பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றாரு.

"என்னம்மா போட்டே?"

"மிக்சி சார். சின்ன மிக்சிதான்."

"சின்ன மிக்சியா! நம்ம இன்வெர்ட்டரே சின்னதுதாம்மா. மிஷினோட சேர்த்து மிக்சி கிளம்புற இழுப்பைத் தாங்காது."

அவரே தன் வாயால சொல்லிட்டாரு, தன் சாமான் ஒண்ணுக்கும் ஆகாதுன்னு. ஒரு சட்னிக்குத் துப்பில்லாத பேட்டரிக்கு எவ்வளவு பெரிய நோட்டு! அவரு ஏதோ பட்டனைத் தட்டி மறுபடி ஓட விட்டாரு. ஓடுச்சு. ஆனா அன்னைக்கு மத்தியானமே கோடை மழை மேகம் கட்டிக்கிச்சு. தகட்டிலே வெயில் இல்லை. அவரு டப்பாவைப் பார்க்கறாரு, வானத்தைப் பார்க்கறாரு, நோட்டைப் பார்க்கறாரு. அன்னைக்குச் சரியாச் சாப்பிடக்கூட இல்லை.

இருபத்தொண்ணாம் நாள் விடிஞ்சு ஒரு ஆறரை மணி இருக்கும். பெட்டி மூடியைத் தொடாம மேல கண்ணாடி வழியாப் பார்க்கறேன். நாலஞ்சு முட்டையிலே விரிசல். ஒண்ணுல மூக்கு தெரியுது. நான் "வந்துடுச்சு சார்!"னு கத்தறேன், அவரு சொல்றாரு, "பேட்டரி இன்னும் ஒரு மணி நேரம்கூடத் தாங்காதும்மா."

"அப்புறம்?"

"இன்ஜின் ஓடினா பேட்டரி ஏறும். நின்ன இடத்துல ஓட்டினா லேசாத்தான் ஏறும். ரோட்டுல ஓடணும். மிஷினை எடுத்துட்டு வா, வண்டியிலே ஏறு."

எங்க வீட்டுக்காரர் மில்லுக்குக் கிளம்பி, சட்டைப் பட்டன் போட்டுக்கிட்டே பார்க்கறாரு. பெட்டியை ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கி, சார் படுக்கிற மெத்தைமேல வச்சாங்க. சுத்தி அவரு தலையணை, போர்வை, துண்டு எல்லாத்தையும் அண்டக் குடுத்தாங்க. படுக்கையை முட்டைக்குக் குடுக்கிற ஆளை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். நான் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே உட்கார்ந்தேன், மடியிலே வர்ணிகா.

வண்டி ஓட்டினாரு பாருங்க! மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போகுது. ஆனைமலை வரைக்கும் போறது, திரும்பறது. மறுபடி போறது, திரும்பறது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னாடி, "பிடிச்சுக்கோம்மா, பிடிச்சுக்கோம்மா"ன்னு ஒரு பாட்டு. மூணாவது தடவை வழியிலே சோதனைச் சாவடிக்காரர் கையைக் காட்டி நிறுத்திட்டாரு.

"காலையிலருந்து போறீங்க, வர்றீங்க. உள்ளே என்ன பெரியவரே?"

"முட்டை சார்."

"முட்டையா? கதவைத் திறங்க."

கதவைத் திறந்தா மெத்தைமேல பெட்டி, கீழே நானு, மடியிலே குழந்தை. அவரு குனிஞ்சு கண்ணாடி வழியாப் பார்க்கறாரு. அதே நேரம் உள்ளே ஒண்ணு ஓட்டை முட்டிக்கிட்டு வெளியே விழுந்து, நனைஞ்ச தலையைத் தூக்கி, கீச்சுன்னுச்சு. வர்ணிகா கைதட்டறா. "அம்மா, குஞ்சூ!"

"இதென்னங்க, கோழிக்குப் பிரசவ ஆம்புலன்சா?"ன்னாரு சாவடிக்காரர். அங்கே நின்ன நாலு பேரும் வந்து எட்டிப் பார்த்தாங்க. "போங்க பெரியவரே, மெதுவாப் போங்க, முன்னாடி ரோடு மோசம்"னு அவரே விசிலடிச்சு லாரியை ஓரங்கட்டினாரு.

எனக்குக் கண்ணுல தண்ணி. டீசல் புகை.

பதினோரு மணிக்குள்ளே முப்பத்திமூணு குஞ்சு. ஒன்பது முட்டை வீணாப்போச்சு. அந்த ஒன்பதும் அவரு கணக்குத்தான், வேற யாரு கணக்கு? வீடு திரும்பினா லைன்மேன் ஏணியிலே நிக்கறாரு, புது மீட்டர் சுவத்துல மாட்டியாச்சு. எங்க வீட்டுக்காரர் மில்லுக்கே போகலை, வாசல்லயே நிக்கறாரு. மூடியைத் திறந்து காட்டினேன். மஞ்சளும் கறுப்பும் சாம்பலுமா ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குதுங்க. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் சட்டையைக் கழட்டி ஆணியிலே மாட்டிட்டு, கூடை எடுக்கப் போயிட்டாரு. அதுக்கப்புறம் மேஸ்திரிங்கற பேச்சே அவரு வாயிலிருந்து வரலை.

மச்சாது சார் எங்க வீட்டுக்காரரைத் தனியாக் கூட்டிட்டுப் போய் ஏதோ காதுல ஓதினாரு. அதுதான் அந்த வெள்ளைப் பெட்டி, ட்ரிப்பர் எல்லாம். ஃபியூஸ் கட்டைக்கும் இப்ப லைன்மேன் குடுத்த கம்பிதான், நான் தொடக்கூடாதாம். எங்க வீட்டிலே, நான் தொடக்கூடாதாம்! பாருங்க.

கரண்டு வந்துடுச்சா, இனிமே அவரு வண்டிக்குள்ளே போய் ஏ.சி.யைப் போட்டுக்கிட்டுப் படுக்கலாமில்லையா? அதுதானே மூணு நாளா ஏங்கினது? அதுக்குக்கூட நடக்கலை மனுஷன். தண்ணி குடிக்கறேன்னு எங்க கூடத்துக்கு வந்தவரு, காத்தாடிக்குக் கீழே வெறுந்தரையிலே அப்படியே சாய்ஞ்சுட்டாரு. வாயைத் திறந்துக்கிட்டு, முந்தினநாள் பாதியிலே விட்ட சவரத்தோட, ஒரு தூக்கம். அடுத்தவங்க வீட்டிலே இப்படியா தூங்குவாங்க? கொஞ்சம்கூடக் கூச்சமே இல்லை.

அன்னைக்குச் சட்னியை நான் அம்மியிலதான் அரைச்சேன். புது மீட்டராச்சே, முதல் நாளே மிக்சி போட்டு எதுக்கு வேலை வாங்கணும்னுதான். தொட்டி மோட்டாரும் போடலை, தோப்புல தண்ணி பாயுதேன்னு அங்கேருந்து குடத்துல கொண்டுவந்தேன், நல்ல தண்ணி அது. எங்க வீட்டுக்காரர் பைக்கைக் கிளப்பப் போனாரு, ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போய்க் கிளப்புங்கன்னு சொன்னேன், வாசல்ல ஒரே தூசியா இருந்துச்சு. குஞ்சுங்க கூடையைக் கொட்டாய்க்கு மாத்தினேன். கீச்சுக்கீச்சுன்னு எனக்குத் தலைவலி. வர்ணிகாவை இடுப்புல தூக்கிக்கிட்டு மத்தியானம் பூராத் தோப்பையே சுத்தினேன், குழந்தைக்குக் காத்து வேணுமே.

நாலு மணிக்கு எந்திரிச்சாரு. கொஞ்ச நேரம் எங்கே இருக்கோம்னே தெரியாம முழிச்சாரு. அப்புறம் என்னைப் பார்த்துட்டு அவசரமாத் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாரு.

"அடடா, இங்கேயே அசந்துட்டேனே. மன்னிச்சுக்கிடும்மா"ன்னாரு.

மூணு நாளா அந்த ஒரு வார்த்தையைத்தான் அக்கா நான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். ஆள் எப்படியோ, தப்புன்னு தெரிஞ்சதும் கேட்டாரு பாருங்க. நானும் மனசிலே எதையும் வச்சுக்கிட்டு இருக்கிறவ இல்லை.

"போகட்டும் விடுங்க சார்"னு சொல்லி, மன்னிச்சுட்டேன்.